'டெஸ்ட்' என்றொரு பெயர்

அம்பாசமுத்திரம் என்ற பெயரைத் தமிழில் எழுதி ஒரு டேட்டாபேஸுக்குச் சூட்ட முடியாது. மோங்கோடிபி அட்லஸ் என்று ஒரு சேவை இருக்கிறது. அதில் காசு கொடுக்காமல் வாங்கும் கிளஸ்டரில் டேட்டாபேஸின் பெயர் 38 பைட்டைத் தாண்டக்கூடாது என்று விதி. உங்களுக்கும் எனக்கும் அம்பாசமுத்திரம் ஒன்பது எழுத்து. கம்ப்யூட்டருக்குப் பதினைந்து. புள்ளி, கால், சுழி எல்லாவற்றையும் அது தனித்தனியாக எண்ணும். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் மொத்தம் 45. திருநெல்வேலி 36 பைட், மயிரிழையில் தப்பிக்கிறது. கல்லிடைக்குறிச்சி 51, கிட்டவே வரமுடியாது. இங்கிலீஷில் எழுதினால் அம்பாசமுத்திரத்துக்கு 12 பைட் போதும்!

இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவள் என் தங்கை மகள். அம்பையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி, ஆற்றோரத்து ஊர்கள் நாலைந்தில் கிளை வைத்திருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறாள். ஜன்னலைத் திறந்தால் பொதிகை மலை தெரிகிறது. டேட்டாபேஸ் இருப்பது மும்பையில்.

"ஊர்ப் பேரையே வைப்போம்னு பாத்தேன் மாமா. நீளம் ஜாஸ்தின்னுட்டு. அப்புறம் 'அம்பை'ன்னு வச்சேன். பதினஞ்சே பைட்."

"இங்கிலீஷ்லயே வச்சிட்டுப் போயேன்" என்றேன்.

"வேணும்னுதான் தமிழ்ல வச்சேன். ஏன்னு சொல்லுதேன்" என்றாள்.

அவள் சொன்னதை உங்களுக்குச் சொல்லும் முன், டாகுமென்ட் டேட்டாபேஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அதற்கு நியூயார்க் போகவேண்டாம். அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயில் வரை போனால் போதும்.

அங்கே கிடைத்த ஒரு வட்டெழுத்துக் கல்வெட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியன் வரகுண மகாராசன் காலத்தது. ராஜா தொண்டை நாட்டில் பெண்ணையாற்றங்கரையில் அரைசூரில் இருந்தபடி, இங்கே முள்ளி நாட்டு இளங்கோக்குடி சபையாரிடம் 290 காசு கொடுக்கிறான். முதலைத் தொடக்கூடாது. காசுக்கு 2 கலம் நெல் வீதம் வருஷத்துக்கு 580 கலம் வட்டி. அந்த நெல்லைக்கொண்டு திருப்போத்துடையார் கோயிலில் தினம் நாலு வேளை அமுது படைக்கவேண்டும். அதற்கு என்னென்ன, எவ்வளவு என்று பட்டியல்: அரிசி, பயற்றம்பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, காய்கறி, வெற்றிலை, பாக்கு. 'காயம்' என்ற ஒரு தலைப்புக்குள்ளே இன்னொரு குட்டிப் பட்டியல்: மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி.

கவனித்தீர்களா? யார் கொடுத்தார், எங்கிருந்து, யாரிடம், எவ்வளவு, என்ன நிபந்தனை, எதற்கு, எல்லாம் ஒரே கல்லில். பட்டியலுக்குள் பட்டியல். பக்கத்துக் கல்லில் ஒரு விளக்குக்கு ஆடு விட்ட கணக்கு இருந்தால் அதில் காயமும் இருக்காது, கலமும் இருக்காது. ஒவ்வொரு கல்லுக்கும் அதன் விஷயத்துக்கேற்ற வடிவம். டாகுமென்ட் டேட்டாபேஸும் இதேதான்.

பழைய முறை டேட்டாபேஸ் தாலுகா ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரி. எல்லாருக்கும் ஒரே கட்டங்கள். உங்களுக்கு வேண்டாத கட்டத்தைக் காலியாக விடலாம், புதுக் கட்டம் போடவேண்டுமானால் ரிஜிஸ்டரையே மாற்றவேண்டும். ரத்தப் பரிசோதனையில் இது தொல்லை. சர்க்கரை டெஸ்டுக்கு இரண்டு எண் போதும். முழு ரத்த அணுக் கணக்குக்கு இருபது எண். சிறுநீர் என்றால் நிறம்கூட எழுதவேண்டும். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் அதன் போக்கில் ஒரு 'டாகுமென்ட்'டாகப் போட்டுவைத்தால் நிம்மதி. அதே மாதிரி டாகுமென்ட்டுகள் சேர்ந்தது ஒரு 'கலெக்‌ஷன்'. கலெக்‌ஷன்கள் சேர்ந்தது டேட்டாபேஸ். 2007-ல் நியூயார்க்கில் '10ஜென்' என்று தொடங்கிய கம்பெனி 2009-ல் மோங்கோடிபியை வெளியிட்டது. 'ஹ்யூமங்கஸ்', அதாவது பிரம்மாண்டம், என்ற வார்த்தையின் நடுவிலிருந்து உருவிய பெயர். 2016-ல் அதை க்ளவுடில் வாடகைக்குவிடும் அட்லஸ் வந்தது.

வாடகை என்றால் நீங்கள் கம்ப்யூட்டர் வாங்கவேண்டாம், ஏசி போடவேண்டாம், ஹார்ட் டிஸ்க் போனால் அழவேண்டாம். ஒன்றுக்கு மூன்று கம்ப்யூட்டர்களில் உங்கள் டேட்டாவைப் பிரதி எடுத்து வைக்கிறார்கள். இதுதான் கிளஸ்டர். மூன்றில் ஒன்று தலைமை. எழுதுவதெல்லாம் முதலில் அதில்தான். மற்ற இரண்டும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். தலைமையிடமிருந்து பத்து விநாடி சத்தமில்லை என்றால் மிச்ச இரண்டும் ஓட்டுப் போட்டுத் தங்களுக்குள் புதுத் தலைமையைத் தேர்ந்தெடுத்துவிடும். இடைத்தேர்தலுக்கு ஆறு மாதம் காத்திருக்கும் வழக்கமில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஓடியது. என் தங்கை வீட்டில் கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. மாடியறை லேப்டாப் செத்துக் கிடந்தது. மும்பையில் இருந்த ரிப்போர்ட்டுகளுக்கு இந்தச் சமாசாரமே தெரியாது. கரண்ட் வந்ததும் அவள் திறந்து பார்த்தாள், ஒரு புள்ளி குறையவில்லை. மழை, வெயில், தீ, எலி, இவற்றிடமிருந்து காப்பாற்றுவதில் க்ளவுடை நான் குறை சொல்லமாட்டேன்.

அந்த லேபுக்கு ஆபத்து வந்தது மழையால் அல்ல. ஒரு பெயரால்.

மோங்கோடிபியில் 'டேட்டாபேஸை உருவாக்கு' என்று தனியாக ஒரு சடங்கு தேவையில்லை. ஒரு பெயரைச் சொல்லி அதில் முதல் டாகுமென்ட்டைப் போட்டால் டேட்டாபேஸ் தானாகப் பிறந்துவிடும். பெயரே சொல்லாமல் விட்டால்? அதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. 'டெஸ்ட்' என்ற பெயரில் போட்டுவைக்கும். சோதனைக்காகத்தானே எழுதிப் பார்க்கிறாய் என்ற நல்லெண்ணம்.

லேபுக்கு முதலில் புரோகிராம் எழுதிக்கொடுத்தவர் யாரோ, பெயரைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டு வருஷத்து ரிப்போர்ட் மொத்தமும் 'டெஸ்ட்' என்ற டேட்டாபேஸில் சேர்ந்துகொண்டிருந்தது. யாருக்கும் உறுத்தவில்லை. காரணம் எளிது. அது லேப். அங்கே எல்லாமே டெஸ்ட்தான். சுகர் டெஸ்ட், தைராய்டு டெஸ்ட். 'டெஸ்ட்' என்று ஒரு டேட்டாபேஸ் இருப்பதில் என்ன ஆச்சரியம்?

ஆச்சரியப்படாதவர்கள் லேப்காரர்கள். கம்ப்யூட்டர்காரனுக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் "தேவையில்லாததை எல்லாம் சுத்தம் பண்ணு தம்பி, இடம் நிறையுது" என்றிருக்கிறார்கள். ஓசிக் கிளஸ்டரில் 512 எம்பிதான் இடம். அவன் பார்த்தான். அட்லஸ் மாதிரிக்குத் தரும் சினிமா விவர டேட்டாபேஸ் ஒன்று, 'டெமோ' ஒன்று, 'டெமோ2' ஒன்று, 'டெஸ்ட்' ஒன்று. நாலையும் அழித்தான். அழிக்கும்போது அட்லஸ் சும்மா விடுவதில்லை. நிஜமாகவே அழிக்கவேண்டுமா, அப்படியானால் டேட்டாபேஸின் பெயரை டைப் செய் என்று கேட்கும். அவனும் டைப் செய்தான். நாலே எழுத்து.

"மூணு காப்பி இருக்குல்லா?" என்று லேப் முதலாளி கேட்டாராம். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள்.

இருந்தது. தலைமைக் கம்ப்யூட்டர் அழித்ததும் மற்ற இரண்டும் அதைப் பார்த்து அழித்தன. அதுதானே அவற்றின் வேலை. ரெப்ளிகா வேறு, பேக்கப் வேறு. இந்த வித்தியாசம் புரியாமல் கோடி ரூபாய் கம்பெனிகளே கவிழ்ந்திருக்கின்றன. மறுபடி கல்வெட்டுக்கே வருகிறேன். கல்லின் மேல் ஈரத்தாளை ஒற்றி, மைதடவி எடுப்பதை மைப்படி என்பார்கள். வரகுணன் கல்வெட்டை அப்படிப் படித்துத்தான் வெங்கையா என்ற அறிஞர் 'எபிகிராபியா இண்டிகா' ஒன்பதாம் தொகுதியில் அச்சேற்றினார். கல் நாளைக்கு உடைந்தாலும் மைப்படி உடையாது, அச்சும் அழியாது. அது பேக்கப். கல் உடைந்த அதே விநாடியில் தானும் உடைந்துகொள்ளும் ஒரு மைப்படி இருந்தால், அதற்குப் பெயர் ரெப்ளிகா.

ஓசிக் கிளஸ்டருக்கு அட்லஸ் பேக்கப் எடுப்பதில்லை. சொல்லித்தான் கொடுக்கிறார்கள், படிப்பவர்தான் இல்லை. தப்பித்தது எதனால் என்றால், என் மருமகள் வேறு எதையோ பரிசோதித்துப் பார்ப்பதற்காகப் பதினோரு நாள் முன்பு மொத்த டேட்டாவையும் தன் லேப்டாப்பில் இறக்கிவைத்திருந்தாள். அதைத் திரும்ப ஏற்றினார்கள். மிச்சம் பதினோரு நாள், நானூற்றுச் சொச்சம் ரிப்போர்ட்.

கிளை கிளையாகப் போய்த் தேடினார்கள். வாட்ஸப்பில் அனுப்பிய பிடிஎஃப்கள் கொஞ்சம் கிடைத்தன. மெஷின்களின் நினைவில் கொஞ்சம். மிச்சத்துக்கு நோயாளிகளுக்கே போன் போட்டார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பெரியவர், மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சிறுநீரகக் கோளாறு. மாதாமாதம் கிரியாட்டினின் அளவு பார்க்கவேண்டும். போன மாதத்தைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் டாக்டர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார். இந்த மாதத்து எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? என் மருமகள் ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்கே போனாள். பெரியவர் ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் அந்தத் தாளை நாலாக மடித்து வைத்திருந்தார். "ஏன் தாயி, அங்ஙன கம்ப்யூட்டர்ல இல்லியா?" என்று கேட்டாராம். இவளுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு வந்து டைப் செய்தாள். கடைசிவரை கிடைக்காமல் போனவை முப்பதுக்குக் கிட்ட. அவர்களைத் திரும்ப வரச்சொல்லி, இலவசமாக ரத்தம் எடுத்தார்கள். அன்றைய ரத்தம் அன்றைக்குப் போனதுதான்.

அந்தப் பையனை எல்லாரும் திட்டினார்கள். நான் திட்டமாட்டேன். கதவில் 'குப்பை' என்று எழுதிய அறையை அவன் பெருக்கினான், அவ்வளவுதான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற கம்பெனியில், உலகம் முழுக்க புரோகிராமர்கள் நம்பியிருக்கும் இடத்தில், களைத்துப்போன ஒரு இன்ஜினீயர் வேறொரு கம்ப்யூட்டர் என்று நினைத்து அசல் டேட்டாபேஸையே அழித்தார். அவர்களிடம் ஐந்து வித பேக்கப் ஏற்பாடுகள் இருந்தன. ஐந்தில் ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆறு மணி நேரம் முன்பு அதே இன்ஜினீயர் வேறு காரணத்துக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதி காப்பாற்றியது. இவ்வளவும் ஊரறிய அவர்களே எழுதிவைத்தார்கள், அந்தத் தைரியத்துக்கு ஒரு சல்யூட். தென்கொரியாவில் இதற்கு நேரெதிர் கதை. 2025 செப்டம்பரில் தேஜான் நகரத்து அரசாங்க டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த 'ஜி டிரைவ்', 858 டெராபைட், சாம்பல். அவ்வளவு பெரியதற்கு வெளியே பேக்கப் எடுக்க முடியாது என்று எடுக்காமலேயே விட்டிருந்தார்கள்.

"நம்மூர் ஜனங்க ரத்தக் கணக்கை எவன்கிட்டயோ பம்பாய்ல குடுத்து வச்சிருக்கீங்களே, நம்பலாமா?" என்று மச்சான் கேட்டார், பெண்ணின் அப்பா. அம்பைக்காரர் இப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. எரிச்சாவுடையார் கோயிலுக்கு அந்தப் பெயர் வந்ததற்கே ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிரம்மச்சாரி, தனக்குக் கிடைத்த பொன்னைக் கோயில் அர்ச்சகரிடம் கொடுத்துவைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கேட்டபோது பொன்னுக்குப் பதில் பருப்பு இருந்தது. அர்ச்சகர் சாமியின் சக்தியைத் தந்திரமாக ஒரு புளியமரத்துக்கு மாற்றிவிட்டு, சந்நிதியில் பொய்ச் சத்தியம் செய்யத் தயாரானார். பிரம்மச்சாரியோ "புளியமரத்தடியில் சத்தியம் செய்" என்றார். மரம் எரிந்தது, அர்ச்சகரும் எரிந்தார். மீண்ட பொன்னில் வெட்டியதுதான் கன்னடியன் கால்வாய் என்பார்கள். சொல்பவருக்குச் சொல்பவர் விவரம் மாறும். கால்வாய் மட்டும் மாறாமல் இன்றும் சேரன்மகாதேவி, பத்தமடை வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது.

ஆனால் மச்சானிடம் நான் சொன்னது இது: க்ளவுடில் பொன்னைத் திருடுவது பெரும்பாலும் அர்ச்சகர் அல்ல. நாம்தான் வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறோம். 2017 ஜனவரியில் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான மோங்கோடிபி டேட்டாபேஸ்களை யாரோ காலிசெய்து, 'பணம் அனுப்பினால் திருப்பித் தருகிறேன்' என்று ஒரு சீட்டை மட்டும் உள்ளே வைத்துவிட்டுப் போனார்கள். பூட்டை உடைக்கவில்லை. அவரவர் சொந்தமாக நிறுவிக்கொண்டு, பாஸ்வேர்ட் போடாமல் இன்டர்நெட்டில் திறந்து வைத்திருந்தவை அவை. அட்லஸில் பாஸ்வேர்ட் இல்லாமல் நுழையமுடியாது. எந்தெந்த ஐபி முகவரியிலிருந்து வரலாம் என்றும் ஒரு பட்டியல் கொடுக்கவேண்டும். இதிலும் நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? வீட்டு பிராட்பேண்டில் ஐபி அடிக்கடி மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் யார் திருத்துவது என்று நாலு பூஜ்யத்தைப் போட்டு, 'உலகில் யாரும் எங்கிருந்தும் வரலாம்' என்று வைத்துவிடுகிறார்கள். லேபிலும் அப்படித்தான் இருந்தது.

இப்போது இல்லை. என் மருமகள் சாவிகளைப் பிரித்துவிட்டாள். அட்லஸ் வெப்சைட்டுக்குள் மனிதர்கள் நுழையும் சாவி வேறு, புரோகிராம் டேட்டாபேஸுக்குள் நுழையும் சாவி வேறு. இரண்டுக்கும் அதிகாரம் தனித்தனியாகக் கொடுக்கவேண்டும். ரிசப்ஷனில் ரிப்போர்ட் பார்ப்பவருக்குப் படிக்க மட்டும். புரோகிராமுக்குப் படிக்க, எழுத. இதில் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தாள். 'படிக்க, எழுத' என்ற அதிகாரம் இருப்பவர் டேட்டாபேஸை மொத்தமாக அழிக்கமுடியாது. ஆனால் உள்ளே இருக்கும் கலெக்‌ஷன்களை ஒவ்வொன்றாக அழிக்கலாம். வீட்டை இடிக்க அனுமதியில்லை, அறைகளை வரிசையாக இடித்துக்கொள்ளலாம். கடைசி அறை போனதும் வீடு தானாக மறைந்துவிடும். அதனால் அதையும் தடுத்துத் தனியாக ஒரு அதிகாரம் வரையறுத்தாள்.

பெயரையும் மாற்றினாள். மோங்கோடிபியில் டேட்டாபேஸுக்குப் பெயர் மாற்றும் கட்டளை கிடையாது. எல்லாவற்றையும் இறக்கிப் புதுப்பெயரில் ஏற்றவேண்டும். அப்போதுதான் அந்த 38 பைட் தகராறு. தமிழில் ஏன் என்றால், "அழிக்கணும்னா பேரை டைப் பண்ணணும்லா மாமா. தமிழுக்குக் கீபோர்டை மாத்தணும். மாத்துத நேரத்துல ஒருத்தன் யோசிப்பாம்லா?" என்றாள். எந்த மென்பொருள் கம்பெனி மேனுவலிலும் இந்த யோசனையை நான் பார்த்ததில்லை. பிறகு முதலாளி மனமிரங்கிக் கட்டணக் கிளஸ்டருக்கு மாறினார். அங்கே பெயருக்கு எல்லை 64. அம்பாசமுத்திரம் தாராளமாக நுழையும். ஆனால் யார் மறுபடி எல்லாவற்றையும் இறக்கி ஏற்றுவது? அம்பையே நிலைத்துவிட்டது.

கட்டணக் கிளஸ்டரில் பேக்கப் தானாக நடக்கிறது. அவள் அதோடு நிற்பதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, லேப் மூடியபிறகு, முந்தின நாள் பேக்கப்பை எடுத்துத் தனியாக ஒரு கிளஸ்டரில் ஏற்றிப் பார்க்கிறாள். மொத்த ரிப்போர்ட் எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு, அந்த மில் பெரியவரின் கிரியாட்டினின் வரிசையைத் திறந்து, மாதம் விடாமல் இருக்கிறதா என்று மேலிருந்து கீழே படிப்பாள். நான் போயிருந்த சனிக்கிழமை அது ஏறி முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை கீழே தங்கை கல்லிடைக்குறிச்சி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டு மாமா, எல்லா மாசமும் இருக்கு" என்று மாடியிலிருந்து குரல் வந்தபிறகுதான் இலை போட்டார்கள்.